பிறந்த முதல் ஒரு மணி நேரம்

மாணவ நண்பர்களே, படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடது புறங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். வலது புறங்கை உலர்ந்தபடியே இருக்கட்டும். இப்போது இரண்டின் மீதும் மெல்ல ஊதுங்கள். நனைந்த கை சில்லிடுகிறது. உலர்ந்த கையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஊதிய காற்று ஒன்றுதான். வேறுபாடு தண்ணீரால் வந்தது. தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொண்டது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதனால்தான் என்று நீங்கள் முன்பே படித்திருப்பீர்கள்.

மண்பானைக்குச் சொன்ன இதே விதி, அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடக்கூடியது. எப்படி என்று பார்ப்போம்.

தருமபுரி மாவட்டத்தில் அரூரைத் தாண்டிச் சென்றால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் சிற்றூர்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. 1993-ஆம் ஆண்டில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த ஓலைக் கூரைக் கொட்டகையில் மருத்துவமனை தொடங்கியது. அந்தச் சமயத்தில் அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. அதாவது ஏழு குழந்தைகளுக்கு ஒன்று! உங்கள் வகுப்பில் முப்பத்தைந்து பேர் இருந்தால் அதில் ஐந்து இருக்கைகள் காலி என்று எண்ணிப் பாருங்கள்.

பிற்காலத்தில் இந்த எண்ணிக்கை அங்கே ஆயிரத்துக்கு இருபது என்ற அளவுக்கு இறங்கியது. அதற்குப் பெரிய எந்திரங்கள் மட்டும் காரணம் அல்ல. அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். சுத்தமான பிரசவம், குழந்தையைச் சூடாக வைத்திருத்தல், தாய்ப்பால், எடை பார்த்தல் ஆகியவை எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் கற்றுக்கொள்ளக் கூடியவைதாம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கின்றன, இல்லையா? ஒவ்வொன்றின் பின்னாலும் நல்ல அறிவியல் இருக்கிறது.

ஒரு தேக்கரண்டித் தண்ணீர்

தாயின் வயிற்றில் குழந்தை பனிக்குட நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ். இரவும் பகலும், ஆடியும் மார்கழியும் அங்கே ஒன்றுதான். பிறந்த கணத்தில் அது உடல் முழுவதும் நனைந்தபடி நம்முடைய அறைக் காற்றுக்குள் வருகிறது. மார்கழி விடியற்காலையில் மலையடிவாரக் குடிசை ஒன்றில் அது பிறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். குழந்தையின் எடை 2,500 கிராம். மனித உடலின் வெப்ப எண் ஏறக்குறைய 0.83. எனவே குழந்தையின் உடல் முழுவதும் ஒரு டிகிரி குளிர 2,500 × 0.83, அதாவது 2,075 கலோரி வெளியேற வேண்டும். 2,075-ஐ 580-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக விடை வரும். ஒரு தேக்கரண்டி நிறையத் தண்ணீர் ஐந்து கிராம் இருக்கும். அதைவிடக் குறைந்த நீர், தனக்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் குழந்தையிடமிருந்தே எடுத்துக்கொண்டால், அது ஆவியானதும் குழந்தை ஒரு டிகிரி குளிர்ந்துபோகும்! ஆவியாகத் தேவையான வெப்பத்தில் ஒரு பகுதி காற்றிலிருந்தும் வரும். குழந்தையின் உடலும் கொஞ்சம் வெப்பத்தை உண்டாக்கும். இவற்றைக் கழித்தாலும், துடைக்காமல் விட்ட குழந்தையின் வெப்பநிலை முதல் பத்து, இருபது நிமிடங்களுக்குள் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். குழந்தைக்கு இருக்க வேண்டிய அளவு 36.5 முதல் 37.5 வரை. அதற்குக் கீழே போனால் தாழ்வெப்பம். 32-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

"நம் ஊரில்தான் நல்ல வெயில் ஆயிற்றே?" என்று கேட்பீர்கள். ஆடையின்றிக் கிடக்கும் பச்சிளங்குழந்தை, தன் வெப்பத்தைக் காக்கத் தனியாக உழைக்காமல் இருக்க வேண்டுமானால், சுற்றிலும் 32 முதல் 34 டிகிரி வரை சூடு வேண்டும். நமக்கு வியர்த்துக் கொட்டும் சூடு அது. 28 டிகிரி அறையில் நாம் மின்விசிறியைத் தேடுகிறோம். நனைந்த குழந்தைக்கு அதே அறை குளிர்ப்பெட்டி.

குழந்தை ஏன் நம்மைவிட விரைவாகக் குளிர்கிறது? இதற்கும் வீட்டில் ஒரு சோதனை உண்டு. ஒரு அண்டாவிலும் ஒரு சிறு டம்ளரிலும் ஒரே சூடான வெந்நீரை ஊற்றி வையுங்கள். அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். டம்ளர் ஆறிவிட்டிருக்கும். சிறிய பொருளுக்கு எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். வெப்பம் வெளியேறும் வாசல்களும் அதிகம். மூன்று கிலோ குழந்தையின் தோல் ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ மனிதரின் தோல் 1.7 சதுர மீட்டர் அளவில் இருக்கும். கிலோவுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் அதிகமாக வரும். அதிலும் தலைதான் பெரிய பங்கு. ஆகவேதான் தலைக்குக் குல்லாய் போடுகிறார்கள்.

குளிரில் நாம் நடுங்குகிறோம். தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. பச்சிளங்குழந்தைக்கு அந்த வித்தை சரியாகக் கைவராது. அதற்குப் பதிலாக அதன் கழுத்து, தோள்பட்டைகளின் நடு, சிறுநீரகங்களைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு சிறப்பு எரிபொருளை இயற்கை சேமித்து வைத்திருக்கிறது. ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்த குழந்தை சோர்கிறது, பால் உறிஞ்ச மறுக்கிறது, பால் இல்லாததால் சர்க்கரை குறைகிறது, அதனால் இன்னும் குளிர்கிறது. எடை குறைந்த குழந்தைக்கு இந்தக் கொழுப்பும் குறைவு.

சில டிகிரியில் என்ன வந்துவிடும் என்று முன்பு மருத்துவர்களே நினைத்தார்கள். 1958-இல் அமெரிக்காவில் வில்லியம் சில்வர்மன் என்பவரும் அவருடைய தோழர்களும் குறைமாதக் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் பெட்டியை மட்டும் மூன்று டிகிரிக்கும் சற்றுக் குறைவான அளவு கூடுதல் சூட்டில் வைத்தார்கள். மற்றச் சிகிச்சைகள் எல்லாம் ஒன்றே. சூடான பிரிவில் பிழைத்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு அதிகம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பிறந்தவுடன் சுத்தமான, உலர்ந்த, முடிந்தால் வெதுவெதுப்பான துணியால் தலை முதல் கால் வரை துடைக்க வேண்டும். அந்த ஈரத்துணியைத் தூர எறிந்துவிட வேண்டும். அதைக் கொண்டே சுற்றி வைப்பது பயனற்றது. பிறகு குழந்தையை அம்மாவின் வெறும் மார்பின் மீது, தோலோடு தோல் படும்படி குப்புறப் படுக்க வைத்து, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி மூச்சுக்குத் தடையில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இருவரையும் சேர்த்து உலர்ந்த துணியால் போர்த்த வேண்டும். எந்தக் கம்பெனியும் தயாரிக்காத, மின்சாரம் நின்றாலும் நிற்காத வெப்பச்சாதனம் அது! குழந்தையின் மேல் வெண்ணெய் போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலத்தைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. அது தோலுக்குப் பாதுகாப்பு. பிறந்த கையோடு வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. குளியலை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரணத்தை இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இடது கைக்குத் தெரியும்.

முதல் மூச்சு

வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை; நீர்தான். ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து வருகிறது. வெளியே வந்த சில விநாடிகளில் இந்த ஏற்பாடு முழுவதும் மாறியாக வேண்டும்.

நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால் ஊதிப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று பார்த்திருப்பீர்கள். நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளை முதல்முறையாகக் காற்றால் திறப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். நீரின் பரப்பு இழுவிசை அவற்றை மூடப் பார்க்கிறது. சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுபோல, நுரையீரலில் சுரக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் இந்த இழுவிசையைக் குறைக்கிறது. குறைமாதக் குழந்தைகளிடம் இப்பொருள் போதாமல் இருப்பதுதான் அவர்களுடைய மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் ஒரு தோழருடன் சேர்ந்து காட்டினார். நியூசிலாந்தில் செம்மறியாடுகளை வைத்து வேறு ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்த லிக்கின்ஸ் என்பவர், கருவில் இருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தினால் அதன் நுரையீரல் விரைவில் பக்குவமடைவதைக் கவனித்தார். 1972-இல் அவரும் ஹோவி என்பவரும் அதை மனிதத் தாய்மார்களிடம் நிரூபித்தார்கள். இன்றும் குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. ஆட்டுக்கும் நமக்கும் இப்படி ஒரு கடன்!

முதல் மூச்சோடு இதயத்திலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போன இரத்தம் இப்போது நுரையீரலுக்குள் பாய்கிறது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறு துளையின் கதவு சாத்திக்கொள்கிறது. இவையெல்லாம் நாம் "குழந்தை அழுதுவிட்டது" என்று மகிழும் அந்த நேரத்துக்குள் தொடங்கிவிடுகின்றன.

நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 85 குழந்தைகள் தாமாகவே மூச்சு விட்டுவிடும். இன்னும் பத்துக்குத் துடைப்பதும் முதுகை மெதுவாகத் தேய்த்துவிடுவதுமே போதும். சூடாக வைக்கச் செய்யும் வேலையே மூச்சையும் தூண்டுகிறது, பாருங்கள். மீதமுள்ள சிலவற்றுக்கு, பிறந்த ஒரு நிமிடத்துக்குள், முகமூடி பொருத்திய ரப்பர்ப் பையை அழுத்திக் காற்றுச் செலுத்த வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டாம். பயிற்சி பெற்ற கை வேண்டும். அந்த நிமிடத்தை மருத்துவர்கள் பொன்னான நிமிடம் என்பார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் அடிப்பது சினிமாவில் வரும். அதனால் நன்மை இல்லை, தீங்கு உண்டு.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் இப்படிப்பட்ட கைகளைக் கிராமத்திலேயே உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். 1995 முதல் 1998 வரை, ஊர்ப் பெண்கள் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைக் கவனித்தார்கள். மூன்றாம் ஆண்டில் அக்கிராமங்களில் முதல் மாதச் சாவுகள், அத்தகைய கவனிப்பு இல்லாத கிராமங்களோடு ஒப்பிடுகையில், நூற்றுக்கு 62 குறைவாக இருந்தன.

கொடியை அறுக்க என்ன அவசரம்?

குழந்தை பிறந்த பிறகும் தொப்புள்கொடி சில நிமிடங்கள் துடித்துக்கொண்டிருக்கும். நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் இரத்தம் குழந்தைக்குள் வந்துகொண்டிருக்கிறது. முதல் நிமிடத்தில் 80 மில்லிலிட்டர், மூன்று நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் வரை வரும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த இரத்தமே 250 மில்லிலிட்டர் அளவுதான். அந்த இரத்தத்தோடு வரும் இரும்புச்சத்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் முதல் மாதங்களில் இரத்தசோகை வராமல் காக்கிறது. எனவே குழந்தை நன்றாக இருந்தால், ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியை அறுக்கக் கூடாது என்பது இன்றைய விதி. இதை 1801-லேயே எழுதி வைத்தவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாத்தா அவர். பேரனின் புகழில் தாத்தாவின் நல்ல யோசனை மறைந்துபோயிற்று!

அறுக்கும் கருவியோ கொதிக்க வைத்ததாக அல்லது புத்தம் புதிய பிளேடாக இருக்க வேண்டும். கதிர் அரிவாளால் அறுத்து, சாம்பலோ சாணமோ வைத்த காலம் ஒன்று உண்டு. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் அந்த வழியே உள்ளே போய்விடும். ஐந்தாம் ஆறாம் நாளில் வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் குழந்தை இறக்கும். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து இந்நோயைத் துரத்தின. 2015-இல் இந்தியா இந்நோயை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கொடியின் மீது எதையும் தடவாமல் உலர விட்டால் தானே காய்ந்து விழுந்துவிடும்.

மஞ்சள் நிறச் சொத்து

முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, அளவில் மிகக் குறைவாக இருக்கும். "கெட்ட பால்" என்று இதைப் பீய்ச்சிக் கொட்டியவர்கள் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் இதில்தான் செறிந்திருக்கின்றன. அவை குழந்தையின் குடலுக்கு உட்பூச்சுப்போல் அமைகின்றன. முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வதும் சில தேக்கரண்டி அளவுதான். ஆகவே பால் போதவில்லை என்ற கவலை வேண்டாம்.

இதற்கு முன் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறதே என்பீர்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டு வைப்பார்; அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வருகிறதோ இல்லையோ, விரலில் உள்ள கிருமி வரும். தேனில் சில சமயம் ஒரு நச்சுக் கிருமியின் வித்துகள் இருக்கும். ஆகவே ஒரு வயது வரை தேனே கூடாது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்களவு பால் விற்பவரைத் தமிழ்நாட்டில் இன்றும் பார்க்கலாம். அவர் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காய்ச்சாத அந்தப் பால் பிறந்த குழந்தைக்கு வேண்டாம். பெரியவர் ஆசீர்வதிக்கட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தலையைத் தொட்டு.

மருத்துவமனையில் தொடையில் போடும் ஒரு மில்லிகிராம் ஊசி எதற்கு? அது வைட்டமின் கே. குடல் கிருமிகள் இன்னும் குடியேறாததாலும் தாயிடமிருந்து குறைவாகவே வருவதாலும், குழந்தைக்கு இரத்தம் உறைய வேண்டிய இந்த வைட்டமின் பற்றாக்குறையாக இருக்கும். கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தம் கசிவதைக் கவனித்த டென்மார்க் நாட்டு ஹென்றிக் டாம் இதைக் கண்டுபிடித்து 1943-ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இத்துடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவையும் உண்டு.

சின்னஞ்சிறு குழந்தைகள்

இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு மேலே சொன்ன எல்லா ஆபத்தும் பன்மடங்கு. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துப் பல பச்சிளங்குழந்தைகள் இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. எடைக்குறைவும் மூச்சுத் திணறலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எடைக்குறைவின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பதினேழு வயதில் திருமணம், தாய்க்கு இரத்தசோகை, வயிறார உண்ணாத கர்ப்பகாலம் ஆகியவை பிரசவ அறைக்கு வெளியே நடப்பவை. இம்மாவட்டத்துக்கு இன்னொரு துயரமும் இருந்தது. பிறந்தது பெண் என்பதற்காகவே கொல்லப்பட்ட குழந்தைகள். 1997-க்குப் பிறகு கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று தெருவில் நாடகம் நடத்திப் பேசின. அங்கே தேவைப்பட்டது துணியும் ஊசியும் அல்ல.

சிறு குழந்தைகளுக்கு ஒரு நல்ல வழி கொலம்பியாவிலிருந்து வந்தது. 1978-இல் பொகோட்டா நகரில் வெப்பப்பெட்டிகள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்தது. எட்கர் ரே என்ற மருத்துவர், கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருப்பதுபோல், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். ஏழைகளுக்கான மாற்று வழி என்று முதலில் எண்ணினார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் உள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே இவ்வாறு வைத்தபோது சாவு கால் பங்கு குறைந்தது. தாய் களைத்திருந்தால் அப்பாவோ பாட்டியோ செய்யலாம்.

உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குத் தாயின் பாலைப் பீய்ச்சிச் சிறுகச் சிறுகப் புகட்டுகிறார்கள். அதற்கு நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பாலாடையே போதும்! மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணத்தை மேல்நாட்டு மருத்துவ இதழ்களும் "பாலாடை" என்றே தமிழ்ப் பெயரால் குறிப்பிடுகின்றன. கொதிநீரில் சுத்தம் செய்ய எளிது. புட்டிக்கு அந்த வசதி இல்லை.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனாலும் மலைப்பாதையிலும் பேருந்திலும் அவசரப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கின்றன. அப்படி ஒரு நேரத்தில் நீங்கள் அருகில் இருந்தால், முதலில் 108-ஐ அழையுங்கள். பெரியவர்களிடம் துணி கேளுங்கள். கையைக் கழுவச் சொல்லுங்கள். குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் வைத்துப் போர்த்தச் சொல்லுங்கள். அழாவிட்டால் முதுகைத் தேய்க்கச் சொல்லுங்கள். கொடியை இழுக்கவோ, கையில் கிடைத்ததைக் கொண்டு அறுக்கவோ விடாதீர்கள். வண்டி வரும்வரை அது அப்படியே இருக்கலாம். குழந்தை சூடாக இருக்கிறதா என்று அறிய, உங்கள் புறங்கையால் முதலில் அதன் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். பாதம் மட்டும் குளிர்ந்தால் இன்னொரு துணி போர்த்த வேண்டும். வயிறும் குளிர்ந்திருந்தால் அது மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம். போகும் வழியெல்லாம் அம்மாவின் மார்பிலேயே இருக்கட்டும்.